இருநூறு பாட்டும் ஐந்து பவுண்டும்

டிசம்பர் 31 இரவு நம் கிளப் ஹவுஸில் கேக் வெட்டியதும் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வந்ததே, நினைவிருக்கிறதா? கைகோர்த்துக்கொண்டு எல்லோரும் முணுமுணுத்தோம். சொற்கள்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. 'ஆல்ட் லாங் சைன்' என்ற ஸ்காட்லாந்துப் பாட்டு அது. போய்விட்ட அந்தப் பழைய நாட்கள் என்று பொருள். அதை நமக்குத் தந்தவர் ராபர்ட் பர்ன்ஸ். அவர் பிறந்த ஜனவரி 25 அன்று இரவு, உலகில் எங்கே இருந்தாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் கூடி விருந்து வைத்து அவர் பாட்டுகளைப் பாடுவார்கள். ஒரு கவிஞருக்கு இப்படி ஊர்கூடி விருந்து வைப்பது வேறெங்கும் இருக்கிறதா, தெரிந்தால் சொல்லுங்கள்.

1759இல் அயர்ஷயரின் அலோவே கிராமத்தில், அப்பா தன் கையாலேயே கட்டிய மண்வீட்டில் பிறந்தார். சில நாட்களிலேயே புயலில் அதன் ஒரு சுவர் சரிந்து, கைக்குழந்தையோடு அம்மா அக்கம்பக்கத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குத்தகை நிலமோ விளையாத நிலம். பள்ளிக்குப் போகிற வயதில் பெரியவர்கள் செய்யும் உழவு வேலையைச் செய்தார். உடம்பு அப்போதே கெட்டுவிட்டது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் பழைய பாட்டுகள் ஏராளமாகத் தெரியும்.

1786இல் விளைச்சல் இல்லை, காதலி ஜீன் ஆர்மர் கர்ப்பம், அவள் அப்பாவோ இவரை ஏற்கவில்லை. கப்பலேறி ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்தில் கணக்கு எழுதப் போக முடிவு செய்தார். அடிமைகளை வைத்து நடந்த தோட்டம் அது. பின்னாளில் மனிதரெல்லாம் சமம் என்று பாடியவர் இதற்குச் சம்மதித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு முன் தம் கவிதைகளை அச்சிட்டார், 612 பிரதிகள். சுமார் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டன. ஜமைக்கா போகவில்லை, எடின்பரோ போனார்.

அந்த நகரத்தில் அப்போது ஒரு வேடிக்கை. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு, படித்தவர்கள் தங்கள் பேச்சிலிருந்து ஸ்காட்ஸ் சொற்களைக் களைந்து லண்டன்காரர்போல் பேசப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். (நம் லிஃப்டில் குழந்தைகளிடம் நாம் பேசும் மொழியையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!) ஜேம்ஸ் ஜான்சன் என்ற செதுக்குக் கலைஞர் மட்டும், மறைவதற்குள் நாட்டுப் பாட்டுகளை மெட்டோடு அச்சிட்டுவிடத் தவித்துக்கொண்டிருந்தார். பர்ன்ஸ் அவரோடு சேர்ந்தார். 1787இல் மலைப்பகுதிகளில் சுற்றி மெட்டுகள் திரட்டினார். நீல் கௌ என்ற புகழ்பெற்ற ஃபிடில்காரரையும் போய்ப் பார்த்தார். பாதி அடியே மிஞ்சிய பாட்டுக்கு மீதியைத் தாமே எழுதினார். மெட்டு மனதில் ஊறும்வரை முனகிக்கொண்டே இருப்பார், பிறகுதான் சொற்கள். பின்னர் மனைவியான ஜீனுக்கு நல்ல குரல். அவர் பாடிக் காட்டுவதும் உண்டு.

விவசாயம் மறுபடி தோற்றது. சுங்கவரி அதிகாரியாக வாரத்துக்கு 200 மைல் குதிரையில் அலைந்தார். ஆண்டுச் சம்பளம் தொடக்கத்தில் 50 பவுண்டு. அந்த அலைச்சலிலும் ஜான்சனுக்குச் சுமார் 200 பாட்டுகள் தந்தார். ஒரு காசு வாங்கவில்லை. ஜார்ஜ் தாம்சன் என்ற இன்னொரு பதிப்பாளர் 1793இல் ஐந்து பவுண்டு அனுப்பியபோது, இனி இப்படிச் செய்தால் உறவே இல்லை என்று கோபமாக எழுதினார். நாட்டின் பாட்டுக்குக் கூலி வாங்குவது அவருக்கு அவமானம்.

1796 ஜூலை. இதயம் பழுதாகி உருக்குலைந்திருந்தார். வைத்தியர் சொன்னார் என்று குளிர்ந்த கடலில் மார்பளவு நீரில் போய் நின்றார். அந்த நேரம் பார்த்துச் சீருடைத் துணிக்கான பழைய பாக்கியைக் கேட்டு ஒரு வியாபாரி நெருக்கினார். சிறைக்குப் போக நேரிடுமோ என்று பயந்து, அதே தாம்சனுக்கு எழுதிக் கேட்டார்: ஐந்து பவுண்டு. ஈடாகப் பாட்டு தருவதாகவும் சொன்னார். தாம்சன் பணம் அனுப்பினார்.

ஜூலை 21 அன்று பர்ன்ஸ் இறந்தார், வயது 37. 25ஆம் தேதி டம்ஃப்ரீஸ் தெருக்களில் இறுதி ஊர்வலம் போன அன்றே ஜீனுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாக அவர் சொன்ன 'ஆல்ட் லாங் சைன்', அந்த டிசம்பரில்தான் ஜான்சனின் ஐந்தாம் தொகுதியில் அச்சேறியது, வேறொரு மெட்டில். புத்தாண்டு இரவில் நாம் முணுமுணுத்த மெட்டோடு அதை 1799இல் வெளியிட்டவர், அந்த ஐந்து பவுண்டு தாம்சன்தான்.