மாமல்லர் காமா

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முல்லைப் பெரியாற்று நீரால் வளங்கொழிக்கும் நிலப்பரப்பு கம்பம் பள்ளத்தாக்கு ஆகும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்கள் இதன்கண் அமைந்துள்ளன. இப்பகுதியைச் சார்ந்த பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி ஆகிய சிற்றூர்களில், சீறிவரும் காளைகளை இளைஞர்கள் தழுவி அடக்கும் விழாவினைக் காணப் பெருந்திரளாக மக்கள் கூடுவர். பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல் கிடப்பதையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அதனைத் தூக்கித் தோளுக்கு மேலாக எறியும் இளைஞனே வலிமை வாய்ந்தவன் என்று முன்னோர் மதித்தனர்.

உடல் வலிமையைப் போற்றும் இவ்வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. சோழர் குடியிற் பிறந்த போரவைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது அவனை வென்றான். அவ்வெற்றியைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடிய பாட்டு புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் சிறப்புப் பெயர் பூண்டிருந்தான். மாமல்லபுரம் அப்பெயரை இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது.

இத்தகைய மல்லர் மரபு நம் நாட்டின் வடபகுதியிலும் வாழையடி வாழையாக வளர்ந்து வந்தது. ஆங்குத் தோன்றி, மற்போரையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, உலகப் புகழ் எய்தியவர் காமா என்னும் பெருவீரர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்காலம் தோல்வி என்பதையே அறியாதவர் என்று அவரைக் கூறுவர். எனினும், அவர் வாழ்க்கையில் நாம் கற்கவேண்டிய பாடம் அவ்வெற்றிகளோடு முடிந்துவிடுவதில்லை.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ் என்பதாகும். அவர் 1878ஆம் ஆண்டில் பஞ்சாப் மாநிலத்து அமிர்தசரசுப் பகுதியில் பிறந்தார். அவருடைய குடும்பம் காசுமீரத்திலிருந்து வந்து குடியேறிய மல்லர் குடும்பம். தந்தையார் முகம்மது அஜீஸ் பக்ஷும் மற்போரில் வல்லவர். ஆனால் காமா தந்தையின் நிழலில் நெடுங்காலம் வளரும் பேறு பெறவில்லை. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோதே தந்தையார் காலமானார். பின்னர்த் தாய்வழிப் பாட்டனார் அவரை வளர்த்தார். அவரும் மறைந்தபின், மாமன் பொறுப்பேற்று மற்போரும் கற்பித்தார். மகனை மாமல்லனாக ஆக்கவேண்டும் என்பது தந்தையார் கண்ட கனவு. அதனை நிறைவேற்றும் கடமை அச்சிறுவனின் தோள்மேல் ஏறியது.

1888ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி நடத்தினார். உட்கார்ந்து எழும் பஸ்கிப் பயிற்சியை யார் நெடுநேரம் இடைவிடாது செய்கின்றனர் எனக் காண்பதே அப்போட்டியின் நோக்கம். நானூற்றுக்கும் மேற்பட்ட மல்லர்கள் திரண்டனர். அவர்களிடையே பத்து வயதுச் சிறுவன் காமாவும் நின்றான். கட்டுடல் படைத்த ஆடவர் பலர் களைத்து ஒருவர்பின் ஒருவராக விலகினர். இறுதிவரை நின்ற பதினைவருள் காமாவும் ஒருவனாக விளங்கினான். அச்சிறுவனின் வயதையும் உறுதியையும் எண்ணி வியந்த மன்னர், அவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்தார். பின்னர்த் ததியா நாட்டு மன்னர் அவனைத் தம் ஆதரவில் ஏற்று, முறையான பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்.

மல்லர்கள் பயிலும் களத்தினைக் கோதா என்பர். மண்ணைத் தோண்டிப் பதப்படுத்தி, அதனோடு எண்ணெய், மஞ்சள், மோர் முதலியவற்றைக் கலந்து மென்மையாக்கிக் கோதாவை அமைப்பது வழக்கம். வைகறையிலேயே காமா அங்கு வந்துவிடுவார். நாற்பது மல்லர்களோடு நாள்தோறும் மாறிமாறிப் பொருதும், பல்லாயிரம் தண்டாலும் பஸ்கியும் எடுத்தும் அவர் உடலை உரமாக்கிக்கொண்டார் என்பர். பாலும் நெய்யும் வாதுமைப் பருப்பும் அவர் உணவில் சிறப்பிடம் பெற்றன. உணவினால் மட்டும் ஒருவன் மல்லனாகிவிட முடியாது. உறக்கத்தையும் சோம்பலையும் விலக்கி, ஒருநாளும் தவறாது பயிலும் ஒழுங்கே அவருடைய வலிமையின் வேர் ஆகும்.

காமா ஐந்தரை அடிக்குச் சற்றே மிகுந்த உயரம் உடையவர். அக்காலத்தில் இந்திய மல்லர்களுள் முதன்மை பெற்று விளங்கியவர் இரகீம் பக்ஷ் சுல்தானிவாலா. அவரோ ஏழடியை நெருங்கும் உயரம் படைத்தவர். 1895ஆம் ஆண்டில், பதினேழு வயதே நிரம்பிய காமா அவரை எதிர்த்துக் கோதாவில் இறங்கினார். மலையோடு மடு மோதுவதா என்று எள்ளியவர்களும் உண்டு. ஆனால் நெடுநேரம் பொருதும் அனுபவம் முதிர்ந்த அவ்வீரரால் காமாவை மல்லாத்த இயலவில்லை. போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்றுமுதல் நாடெங்கும் காமாவின் பெயர் பரவியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் புகழ்பெற்ற மல்லர் பலரை அவர் வென்றார்.

1910ஆம் ஆண்டில் வங்கத்துச் செல்வர் சரத்குமார் மித்திராவின் உதவியால், காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் இலண்டன் மாநகருக்குச் சென்றனர். அங்கு நடைபெறவிருந்த மற்போரில் காமாவைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். அவர் உயரம் போதாது என்பதே அதற்குக் காரணம். கடல் கடந்து வந்த வீரருக்கு இது பேரிடியாக இருந்தது. ஆயினும் அவர் மனந்தளர்ந்து திரும்பவில்லை. எந்த எடையுள்ள மல்லர் மூவரையும் முப்பது நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். அதனை வெறும் வாய்ப்பேச்சு என்றே பலரும் கருதினர்.

இறுதியில் அமெரிக்க மருத்துவரும் மல்லருமான பெஞ்சமின் ரோலர் என்பவர் காமாவை எதிர்த்து நின்றார். முதன்முறை இரண்டு நிமிடங்களுக்குள்ளும், மறுமுறை பத்து நிமிடங்களுக்குள்ளும் காமா அவரை வீழ்த்தினார். எள்ளிய வாய்கள் அடைத்தன. அதுவரை மூடப்பட்டிருந்த கதவு திறந்தது.

1910 செப்டம்பர் 10ஆம் நாள், ஜான் புல் பட்டத்திற்கான மற்போர் இலண்டனில் நடைபெற்றது. போலந்து நாட்டு வீரர் ஸ்டானிஸ்லாஸ் சிபிஸ்கோ காமாவை எதிர்த்தார். எடையாலும் வன்மையாலும் மேலைநாடுகளைக் கலங்கவைத்தவர் அவர். போர் தொடங்கிய ஒரு நிமிடத்திற்குள் காமா அவரைத் தரையில் தள்ளினார். அதன்பின் சிபிஸ்கோ எழுந்து பொருதுவதைத் தவிர்த்து, தரையோடு தரையாகக் கவிழ்ந்துகொண்டு தம்மைக் காத்துக்கொண்டார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முயன்றும் அப்பேருடலைக் காமாவால் மல்லாத்த முடியவில்லை. போர் சமநிலையில் முடிந்தது. மீண்டும் செப்டம்பர் 17ஆம் நாள் இருவரும் பொருதுவதாக முடிவு செய்யப்பட்டது. குறித்த நாளில் காமா களத்தில் காத்திருந்தார், சிபிஸ்கோ வரவில்லை. காமாவே வென்றதாக அறிவிக்கப்பட்டு, 250 பவுன் பரிசும் பட்டத்திற்குரிய கச்சையும் அவருக்கு வழங்கப்பெற்றன. தம்பி இமாம் பக்ஷும் அப்பயணத்தில் ஜான் லெம் என்னும் சுவிட்சர்லாந்து வீரரை வென்று புகழ் பெற்றார்.

அக்காலத்தில் நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இந்தியர் உடலாலும் உள்ளத்தாலும் மெலிந்தவர் என்று ஆள்வோர் சிலர் இகழ்ந்து வந்தனர். அவர்தம் தலைநகரிலேயே இந்தியர் ஒருவர் வெற்றிக் கச்சை அணிந்த செய்தி, அடிமைப்பட்டிருந்த மக்களுக்குப் பெரும் ஊக்கம் அளித்தது.

தாயகம் திரும்பிய காமா, அலகாபாத்தில் மீண்டும் இரகீம் பக்ஷைச் சந்தித்தார். இம்முறை வெற்றி காமாவுக்கே கிட்டியது. ருஸ்தம்-ஏ-ஹிந்த் என்னும் பட்டம் அவருக்கு உரியதாயிற்று. ருஸ்தம் என்பவன் பாரசீகக் காவியத்தில் போற்றப்படும் பெருவீரன். இந்தியாவின் ருஸ்தம் என்பதே அப்பட்டத்தின் பொருள். இரகீமே தம்மை எதிர்த்தவர்களுள் வலிமை மிக்கவர் என்று காமா பின்னாளில் மனமுவந்து பாராட்டினார். தோற்றவரைப் போற்றும் பண்பு அவரிடம் இருந்தது.

இலண்டனில் நிறைவு பெறாத போர் பதினேழு ஆண்டுகளுக்குப்பின் நம் நாட்டில் நிறைவு பெற்றது. அவ்விடைக்காலத்தில் சிபிஸ்கோ இருமுறை உலகப் பட்டம் வென்றிருந்தார். பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கின் ஏற்பாட்டால், 1928ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இருவரும் பாட்டியாலாவில் சந்தித்தனர். இருவரும் ஐம்பது வயதை நெருங்கியவர்கள். பல்லாயிரவர் கூடிப் போரைக் காணக் காத்திருந்தனர். ஆனால் அவர்கள் நெடுநேரம் காண ஒன்றுமில்லை! ஒரு நிமிடம் நிறைவதற்குள் சிபிஸ்கோ மல்லாந்து கிடந்தார். அடுத்த ஆண்டில் ஜெசி பீட்டர்சன் என்னும் வீரரையும் காமா இரண்டு நிமிடங்களுக்குள் வென்றார். அதன்பின் அவரை எதிர்த்து நிற்க ஆள் கிடைப்பதே அரிதாயிற்று.

கோதாவில் காமா கண்ட வெற்றிகள் இவை. அவற்றினும் அரியதொரு வெற்றியை அவர் கோதாவுக்கு வெளியே கண்டார். 1947ஆம் ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றது; நாடு இரண்டாகவும் பிரிந்தது. பஞ்சாப் மாநிலத்தில் சமயத்தின் பெயரால் பெருங்கலவரம் மூண்டது. நேற்றுவரை அண்டை வீட்டாராய் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அஞ்சி ஓடலாயினர். இலட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர், கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசல் இழந்து அகதிகளாயினர்.

காமா அப்போது லாகூரில் வாழ்ந்து வந்தார். அவர் வசித்த பகுதியில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. அவர் இசுலாமியர். அம்மக்களை அழிக்கக் கூட்டம் திரண்டபோது, அவர் வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். முதுமையும் அவரை அணுகியிருந்தது. எனினும் அவர் தம் மாணவர்களுடன் தெருவில் வந்து நின்றார். தம் அண்டை வீட்டாரைத் தீண்ட வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினார். கலவரம் மேலும் பெருகியபோது, அக்குடும்பங்களுக்கு வேண்டிய உணவுப் பொருள்களையும் அளித்து, எல்லைவரை பாதுகாப்பாக அனுப்பிவைத்தார் என்பர். கோதாவில் ஒருவரை ஒருவர் எதிர்ப்பது எளிது. வெறி கொண்ட தம்மவர் கூட்டத்தை எதிர்ப்பது அரிது. அதற்கு உடல் வலிமையுடன் உள்ள உறுதியும் வேண்டும்.

காமாவின் இறுதி நாட்கள் இன்பமாக அமையவில்லை. பிரிவினைக்குப்பின் அவரை ஆதரித்துவந்த மன்னர்களின் காலம் முடிந்தது. ஆண்மக்களை இழந்த துயரமும், நோயும், வறுமையும் ஒருங்கே அவரை வாட்டின. பல்லாயிரவர் கைதட்டிப் போற்றிய வீரர் மருந்துக்கும் பிறர் உதவியை எதிர்நோக்க நேர்ந்தது. இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா எல்லை கடந்து பொருளுதவி அனுப்பினார். பாகிஸ்தான் அரசும் உதவியது. புகழ் வாய்ந்த வீரர்களை அவர்தம் வெற்றிக் காலத்தில் மட்டும் கொண்டாடிப் பின்னர் மறந்துவிடுவது ஒரு சமுதாயத்திற்கு அழகன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. 1960 மே 23ஆம் நாள் காமா லாகூரில் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச்சென்ற மரபு அழியவில்லை. இமாம் பக்ஷின் மக்கள் போலு சகோதரர்கள் என்னும் பெயரால் பாகிஸ்தானில் மற்போர்க் கலையை வளர்த்தனர். பிற்காலத்தில் தற்காப்புக் கலையில் உலகப் புகழ் பெற்ற புரூஸ் லீ, காமாவின் பயிற்சி முறைகளைக் கற்றுத் தம் பயிற்சியிலும் சேர்த்துக்கொண்டார். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில், காமா கழுத்தில் மாட்டிக்கொண்டு பயின்றதாகக் கூறப்படும் கனத்த கல்வளையம் பாதுகாக்கப்பெற்று வருகின்றது. இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒருங்கே தமக்குரியவர் என உரிமை கொண்டாடும் பெருமை காமாவுக்கு உண்டு.

இரகீம் பக்ஷோடு காமா முதன்முதல் பொருத அதே 1895ஆம் ஆண்டில்தான், முல்லைப் பெரியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை திறக்கப்பட்டது. கட்டுக்கடங்காத வெள்ளம் கரையை உடைக்கும், பயிரை அழிக்கும். அதே நீர் அணைக்குள் அடங்கி நின்று முறையாகப் பாயும்போது, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைப் பசுமையாக்கி, மதுரைச் சீமைவரை சோறளிக்கின்றது. மனிதனின் வலிமையும் அத்தகையதே. அடக்கத்தோடு நின்று நலிந்தோரைக் காக்கும் வலிமையே உலகை வாழ்விக்கும். மாணவர்களே, நீங்களும் நாள்தோறும் பயின்று உடலை உரமாக்கிக்கொள்ளுங்கள். அவ்வுரம் யாருக்குக் காவலாக நிற்கவேண்டும் என்பதை லாகூர்த் தெருவில் நின்ற அம்முதிய மல்லரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.