பிழைக்க வந்தவர்களின் ஆயர்: புனித ஜான் நியூமன்

அமெரிக்கா என்றதும் வானளாவிய மாளிகைகளே நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் அந்நாட்டின் பழைய பங்குக் கோவில்களில் பலவற்றை எழுப்பியவர்கள், மண் வெட்டியும் மூட்டை சுமந்தும் பிழைக்கக் கடல் கடந்து வந்த ஏழைகளே. அவர்களுக்காக உழைத்த புனித ஜான் நியூமனும் அப்படி வந்தவர்தாம்.

அவர் பொகீமியா நாட்டின் பிராக்கட்டிஸ் என்னும் சிற்றூரில் 1811 மார்ச் 28-ல் பிறந்தார். தந்தை ஜெர்மானியர், காலுறை நெய்பவர். தாய் செக் இனத்தவர். குருமடப் படிப்பு முடிந்தும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆயர் நோயுற்றிருந்தார், மறைமாவட்டத்தில் குருக்களும் தேவைக்கு மேல் இருந்தனராம். இன்று நமக்கு இது வியப்பான செய்திதான்! 1836-ல் கப்பலேறி நியூயார்க்கில் இறங்கினார். கையில் ஒரே ஒரு டாலர். அந்நகர ஆயர் துபுவா ஜூன் 25-ல் அவருக்குக் குருப்பட்டம் அளித்து, நயாகரா அருவிப் பக்கத்துக் காட்டுப் பகுதிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே வில்லியம்ஸ்வில் கோவிலுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. காட்டைத் திருத்திக் குடியேறிய ஜெர்மானியர்கள் வயிற்றைக் கட்டித்தான் காணிக்கை கொடுத்தார்கள். கோவில் கட்ட வீடு வீடாக வசூலுக்குப் போனவர்களுக்கு இந்த அருமை தெரியும். திருப்பலிப் பொருட்களை முதுகில் சுமந்து, ஊர் ஊராக நடந்தார் இளங்குரு. பின்னர் இரட்சகர் சபையில் சேர்ந்து, 1852-ல், தம் நாற்பத்தோராவது பிறந்த நாளன்று பிலடெல்பியா ஆயராக அபிஷேகம் பெற்றார்.

அது காயம் ஆறாத நகரம். குடியேறிய கத்தோலிக்கர் மீது கொண்ட பகையால் 1844-ல் கலகக்காரர்கள் அங்கே இரண்டு கோவில்களைத் தீக்கிரையாக்கியிருந்தனர். இந்நிலையில் ஒவ்வோர் இனத்தாருக்கும் தனிக் கோவில் வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. திருப்பலி எங்கும் இலத்தீனில்தானே? ஆனால் பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமும் அப்படியல்ல. மனத்தின் பாரத்தைத் தாய்மொழியில்தான் இறக்கி வைக்க முடியும். இத்தாலியர் சிறு கூட்டமாயிருந்தும், அவர்களைத் தம் சிற்றாலயத்தில் கூட்டி அவர்கள் மொழியிலேயே போதித்தார் ஆயர். பாசி குடும்பத்துப் புனித மரிய மதலேன் பெயரால் அவர்களுக்கென்று ஒரு கோவிலையும் அமைத்தார். அமெரிக்காவில் இத்தாலியருக்கென ஏற்பட்ட முதல் பங்கு அதுவே. ஆங்கிலம் அறியாத ஐரிஷ் மக்களின் பாவசங்கீர்த்தனம் கேட்க ஐரிஷ் மொழியும் கற்றார். கேட்டுவிட்டு வந்த ஒரு மூதாட்டி, நமக்கு ஐரிஷ் ஆயரே வந்துவிட்டார் என்று பூரித்துப் போனாளாம்.

பிள்ளைகளுக்காக அவர் செய்ததே பெருந்தொண்டு என்போம். விரல்விட்டு எண்ணக்கூடிய பங்குப் பள்ளிகள், அவர் காலத்தில் நூறை நெருங்கின. அவற்றை ஒழுங்குபடுத்த மறைமாவட்டக் கல்விக் குழுவை 1852-லேயே ஏற்படுத்தினார். நாற்பது மணி ஆராதனையைத் தம் மறைமாவட்டம் முழுவதும் முறையாக நடக்கச் செய்தவரும் அவரே.

ஆயினும், நகரத்துச் செல்வர் சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. குள்ள உருவம், ஜெர்மானிய வாடை வீசும் ஆங்கிலம், பழைய அங்கி! பெருநகருக்கு ஏற்ற ஆயரா இவர் என்று முணுமுணுத்தனர். எல்லாருடைய மொழியையும் கற்றவருடைய பேச்சைக் குறை கூறினார்கள் என்பதை நினைத்தால் நமக்கு மனம் வருந்துகிறது. அவரோ, தம்மை எளிய மறைமாவட்டம் ஒன்றுக்கு மாற்றும்படி உரோமையைக் கேட்டுக்கொண்டார். மாற்றம் வரவில்லை, 1857-ல் ஜேம்ஸ் வுட் ஆண்டகை துணையாயராக வந்தார்.

1860 சனவரி 5-ந் தேதி அலுவலாக வெளியே சென்றிருந்த ஆயர், தெருவிலேயே மயங்கி விழுந்தார். அருகிலிருந்த வீட்டார் உள்ளே தூக்கிச் சென்றனர்; குரு வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. வயது 48. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1977 ஜூன் 19-ல் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய உடல், பிலடெல்பியாவில் ஜெர்மானியக் குடியேறிகளுக்காக எழுந்த புனித இராயப்பர் கோவிலில் வைக்கப்பட்டிருக்கிறது.