பொய் சொல்லாத எலும்பு

இந்த மாதம் நான் ஒரு ராஜாவைப் பற்றி எழுதுகிறேன். கதை இல்லை, நிஜம்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1452 அக்டோபர் 2-ல் ஃபாதரிங்கே கோட்டையில் பிறந்தார். எட்டு வயதில் அப்பா போரில் இறந்துபோனார். 1461-ல் அண்ணன் எட்வர்டு ராஜா ஆனார். 1483-ல் அண்ணன் இறந்ததும் அவருடைய 12 வயது மகன்தான் பட்டத்துக்கு வரணும். ஆனால் சித்தப்பா ரிச்சர்டே முடி சூட்டிக்கிட்டார். அந்தப் பையனும் அவன் தம்பியும் லண்டன் கோபுரக் கோட்டையில் இருந்தார்கள். அப்புறம் அவங்களை யாருமே பார்க்கலை. சித்தப்பாதான் கொன்னுட்டார்னு பேச்சு வந்தது. 1484-ல் அவருக்கும் ராணிக்கும் பிறந்த மகன் இறந்தான், 1485-ல் ராணியும் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 22-ல் பாஸ்வொர்த் போரில் ரிச்சர்டையும் வெட்டிட்டாங்க. வயது 32தான்.

லெஸ்டர் நகரில் ஒரு மடத்தில் புதைத்தார்கள். பிறகு மடமும் இல்லாமல் போச்சு. 2012-ல் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினபோது எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது. அக்கா வழி வாரிசுகளின் டி.என்.ஏ.வும் பொருந்தியது.

இனிமேதான் அதிசயம்! அவர் என்ன சாப்பிட்டார் என்று எலும்பை வைத்தே 2014-ல் சொன்னார்கள். எப்படி? பல் சின்ன வயசில் உருவாகும், அப்புறம் மாறாது. தொடை எலும்பு மெதுவாகப் புதுப்பிக்கும். விலா எலும்பு சீக்கிரம் புதுப்பிக்கும், அதனால் கடைசி சில வருஷத்தைச் சொல்லும். நைட்ரஜனில் லேசானது, கனமானது என்று இரண்டு வகை உண்டு. புல், ஆடு, மனுசன் என்று மேலே போகப் போக கனமானது கூடும். ஆற்று மீன் அதிகம் தின்றால் இன்னும் கூடும். ஆக்சிஜன் குடித்த தண்ணீரைக் காட்டும்.

பல்லைப் பார்த்தால், ஏழு வயதுக்குள் பிறந்த ஊரை விட்டு மழை அதிகமான மேற்குப் பக்கம் போயிருக்கார். விலாவில், ராஜா ஆனபிறகு ஆற்று மீன், காட்டுப் பறவைக் கறி, திராட்சை மது எல்லாம் கூடியிருக்கு. இடுப்புப் பக்க மண்ணில் உருண்டைப்புழு முட்டையும் இருந்துச்சு. ராஜா வயித்துலயும் பூச்சி! அதனால் பள்ளியில் தர்ற மாத்திரையை யாரும் துப்பாதீங்க.

2015 மார்ச் 26-ல் லெஸ்டர் பேராலயத்தில் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். அந்த இரண்டு பசங்க என்ன ஆனாங்க என்று மட்டும் எலும்பு சொல்லலை. எனக்கு அதுதான் கஷ்டமா இருக்கு.

இன்னொன்றும் தோணுச்சு. மீன் குழம்பு வைக்கிற அன்னைக்கு அம்மா துண்டை எல்லாம் எங்களுக்குப் போட்டுட்டு, தனக்குக் கவிச்சி பிடிக்காதுன்னு சொல்லி வெறும் குழம்பை ஊத்திக்குவாங்க. நானும் நம்பிட்டேன். எங்க அம்மாவோட விலா எலும்புக்கு உண்மை தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை என் துண்டில் பாதியை அம்மா தட்டில் வைத்தேன். முள்ளைக்கூட விடாம சாப்பிட்டாங்க.

நீங்களும் வைத்துப் பாருங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி