கருத்தடையைப் பெண்ணுரிமையாகக் கண்ட அம்பேத்கர்

மக்கள்தொகைப் பெருக்கத்திற்கு ஏழைகளே காரணம் என்னும் பழி இன்றும் சேரிகளின்மீதே சுமத்தப்படுகிறது. அதைச் சுமத்துவோர் தண்டனைச் சட்டங்களைக் கோருகின்றனர். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வோ நமக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில், ராம்ஜி சக்பால் – பீமாபாய் இணையரின் பதினான்காவது குழந்தையாக அவர் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். சிறுவயதிலேயே தாயையும் இழந்தார். அவரும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். வறுமையில் பிள்ளைப்பேறு பெண்ணுடலைத் தின்னும் கொடுமையை அவர் நூல்களில் மட்டும் படித்தறியவில்லை.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில், ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்கான மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்தார். 1934இல், கருத்தடையைப் பரப்பிய ரகுநாத் தோண்டோ கார்வே தம் இதழுக்காக ஆபாச வழக்கைச் சந்தித்தபோது, அவருக்காக வழக்காடினார்.

1938 நவம்பரில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, கருத்தடைக்கான தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. அன்று அவர் அவையில் இல்லாததால், பி.ஜே. ரோகம் அதனை முன்மொழிந்தார். அரசு தீவிரப் பரப்புரை செய்ய வேண்டும், போதிய வசதிகளை வழங்க வேண்டும் என்பனவே அதன் கோரிக்கைகள். கட்டாயத்திற்கு அதில் இடமில்லை. பேறுகால வேதனையை ஆண்கள் அனுபவிக்க நேர்ந்தால் ஒரு குழந்தைக்கு மேல் எவரும் இசையமாட்டார் என்ற வாதமும் அவையில் ஒலித்தது. தீர்மானமோ பெரும்பான்மையினரால் தோற்கடிக்கப்பட்டது.

1942 சூலையில் நாக்பூரில் திரண்ட ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களிடம், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள், திருமணத்திற்கு அவசரப்படாதீர்கள், மிகுதியாகப் பெறாதீர்கள், கணவனுக்குத் தோழியாக நில்லுங்கள், அடிமையாக அல்ல என அறிவுறுத்தினார். சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் பெண்ணுக்கு வழங்கும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதும், 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

இருபது ஆண்டுகளுக்குள் நெருக்கடிநிலை அரசு, இலக்கு நிர்ணயித்து ஏழைகளைக் கட்டாயக் கருத்தடைக்கு இழுத்துச் சென்றது. அண்ணல் கேட்டது அதுவன்று. கல்வி, சொத்து, மருத்துவ வசதி, மறுக்கும் உரிமை ஆகியவை பெண்ணிடம் சேரும்போது பிறப்பு விகிதம் தானே குறையும். மக்கள்தொகையைக் காட்டி நம்மை அச்சுறுத்துவோரிடம், இவற்றுள் எதை எம் பெண்களுக்கு வழங்கினீர்கள் என்று நாம் கேட்போம்.