ஒற்றை இலை: ஹிகுச்சி இச்சியோவின் வாழ்வும் எழுத்தும்

நவீன ஜப்பானிய இலக்கியத்தில் பெண் எழுத்துக்கு நிலைபேறு தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் ஹிகுச்சி இச்சியோ. 1872 இல் டோக்கியோவில் பிறந்து 1896 இல் மறைந்த இவருடைய இயற்பெயர் நட்சு. வறுமையை வெல்லவே இவர் எழுதத் தொடங்கினார். எனினும், எழுத்தை நம்பிப் பிழைக்க இயலாதெனக் கடை வைத்த காலமே இவரைப் பெரும் படைப்பாளியாக்கியது.

வகுப்பில் சிறந்து விளங்கிய நட்சுவின் பள்ளிப் படிப்பு 1883 இல் நின்றது. பெண்ணுக்கு மிகுந்த கல்வி வேண்டா என்பது தாயின் எண்ணம். மகளின் ஆர்வம் அறிந்த தந்தையோ, 1886 இல் நகாஜிமா உட்டாகோ நடத்திய கவிதைப் பள்ளியில் சேர்த்தார். செல்வர் வீட்டுப் பெண்கள் பயின்ற அங்கு, பழைய உடையோடு சென்று வந்தவர் இவர். 1887 இல் தமையனும், 1889 இல் தந்தையும் மறைந்தனர். தாயையும் தங்கையையும் காக்கும் பொறுப்பு 17 வயதுப் பெண்ணின் தோளில் விழுந்தது. தையலும் சலவையும் வயிற்றுக்குப் போதவில்லை. கவிதைப் பள்ளித் தோழி தனாபே காஹோ 1888 இல் நாவல் வெளியிட்டு 33 யென்னுக்கு மேல் ஊதியம் பெற்றிருந்தார். அதுவே நட்சுவுக்கும் வழிகாட்டிற்று.

இச்சியோ என்னும் புனைபெயருக்கு ஒற்றை இலை என்பது பொருள். நாணல் இலைமேல் ஆறு கடந்ததாகக் கூறப்படும் போதிதருமரை அது நினைவூட்டும். ஜப்பானிய மொழியில் காலைக் குறிக்கும் சொல் பணத்தையும் குறிக்கும். ஜப்பானியர் வடிக்கும் போதிதருமர் பொம்மைக்குக் கால் இல்லை. தமக்கோ பணம் இல்லை என்று தம் வறுமையைத் தாமே எள்ளி நகைத்தார் இவர்.

1891 இல் நாளிதழ் நாவலாசிரியர் நகராய் தோசுயியிடம் எழுத்துப் பயிற்சி வேண்டிச் சென்றார். அவர்பால் மனமும் சென்றது. ஊர் அலர் தூற்ற, 1892 இல் அத்தொடர்பைத் தாமே துண்டித்தார்.

1893 இல் யோஷிவாரா என்னும் பரத்தையர் சேரியின் அருகே, ரியூசென்ஜி பகுதியில் தின்பண்டமும் விளையாட்டுப் பொருளும் விற்கும் சிறு கடை திறந்தார். ஓராண்டும் நிலைக்காமல் 1894 மே மாதம் கடை மூடப்பட்டது. ஆயினும் அங்கு வந்து சென்ற சிறுவர் சிறுமியரும், அச்சேரியை நம்பி வாழ்ந்த ஏழை எளியோரும் அவர் நெஞ்சில் நிலைத்தனர்.

1894 டிசம்பர் தொடங்கி ஏறத்தாழ 14 மாதங்களில் இவருடைய தலைசிறந்த கதைகள் பிறந்தன. தாகேகுராபே என்னும் குறுநாவலில், பரத்தையாகிய தமக்கையின் வழியே தானும் செல்ல வேண்டியவளான மிதோரி, ஆடிப்பாடும் சிறுமிப் பருவத்தை இழந்து மௌனமாகிறாள். ஜூசான்யாவில், கணவனின் கொடுமை தாளாது தாய்வீடு வந்த ஓசெக்கி, பிள்ளையையும் தம்பியின் வேலையையும் எண்ணித் திரும்பிச் செல்கிறாள். இப்பெண்களுக்கு அறிவுரை கூறவோ, அவர்களைப் பழிக்கவோ ஆசிரியர் முற்படவில்லை. பணம் எவ்வாறு பெண்ணின் விதியாகிறது என்பதைக் காட்டி விலகிக்கொள்கிறார். பசியைத் தாமே அறிந்தவர் என்பதால் இரக்கம் மிகையாகவில்லை.

1896 இல் மோரி ஓகாய் முதலிய பெருமக்கள் தாகேகுராபேயை வியந்து போற்றினர். அப்போது காசநோய் அவரைப் பற்றியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 23 ஆம் நாள், 24 வயதில் உயிர் நீத்தார். அவருடைய நாட்குறிப்பைத் தங்கை குனி காத்து வைத்தார். 1912 இல் அது அச்சேறியது.

2004 இல் வெளியான 5,000 யென் தாளில் ஜப்பானிய அரசு அவர் உருவத்தைப் பொறித்தது. 2024 இல் வந்த புதிய தாளில் அவ்விடம் கல்வியாளர் த்சுதா உமேகோவுக்கு உரியதாயிற்று. வாழ்நாளெல்லாம் கடனுக்கு அலைந்தவரின் முகம் பணத்தில் பதிந்தது காலத்தின் முரண். வறுமைதான் அவரை எழுத்தாளராக்கிற்று என்று வறுமைக்குப் புகழ் சேர்த்தல் தகாது. கதைக்குப் பொருள் தந்த வறுமையே, எழுதிய கையையும் முன்னதாக முடக்கியது. எழுதப்படாது போன கதைகளையும் எண்ணிப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் நேர்மையான அஞ்சலியாகும்.