தமிழுக்கு மாணவனாக வந்த குருவானவர்
அண்டிரிக் அடிகளாரின் வாழ்க்கைச் சுருக்கம்

நீங்கள் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கும்போது அதன் சொற்கள் தடையின்றி நாவில் வருகின்றன. விசுவசிக்கிறேன் என்ற சொல்லின் பொருளை நீங்கள் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த நம் முன்னோருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அதை அவர்களுக்குப் பெற்றுக்கொடுக்க உழைத்த ஒருவரின் வாழ்க்கையையே இங்கே சொல்லப்போகிறோம்.

அர்ச். சவேரியார் 1542-ஆம் ஆண்டில் அக்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கேய மொழியும் தமிழும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி, முக்கியமான செபங்களைத் தமிழாக்குவித்தார். அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று, சிறுவரைச் சேர்த்துக் கற்பித்தார். அவருடைய ஆர்வத்தில் குறையில்லை. ஆனால் அந்த மொழிபெயர்ப்பிலே குறையிருந்தது. விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், வேண்டும் என்று பொருள்படும் சொல் புகுந்துவிட்டது. சொன்னவருக்கும் அது தெரியாது. கேட்டவர்களும் அதையே பக்தியோடு திருப்பிச் சொன்னார்கள்.

இந்த நிலையில்தான் என்றிக்கே என்றிக்கஸ் என்ற இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். இவரையே நம்மவர்கள் அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தார்கள்.

இவர் 1520-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். யூத மரபிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பத்தின் வழிவந்தவர். அந்நாட்களில் அத்தகையோரைச் சமுதாயம் சந்தேகக்கண் கொண்டே பார்த்தது. இவர் முதலில் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தார். ஆனால் குலத்தைக் காரணங்காட்டி அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்னர் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். மறு ஆண்டே கப்பலேறிக் கோவாவுக்கு வந்தார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். உடல் நலமோ எப்போதும் குன்றியே இருந்தது.

வாசகரே, ஒரு கணம் அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகத்திற் படித்தவர், சட்டம் கற்றவர், இலத்தீன் தெரிந்தவர். புன்னைக்காயல் கடற்கரையிலோ நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லும் அவருக்குத் தெரியாது. கற்பதற்குப் புத்தகமும் இல்லை. தமிழுக்கு இலக்கணங்கள் இருந்தன. ஆனால் அவை தமிழறிந்த புலவர்களுக்கென எழுதப்பட்டவை. மீனவர் பேசும் பேச்சை அந்நியர் ஒருவர் கற்க வழிகாட்டும் நூல் ஒன்றேனும் இல்லை.

துபாசியை வைத்துக்கொண்டு காலத்தைக் கழித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிரசங்கத்தைத் துபாசி திரித்துச் சொன்னால் குருவானவருக்கு அது தெரியவராது. அதிலும் பெரிய இடர்ப்பாடு பாவசங்கீர்த்தனத்தில் இருந்தது. மொழி தெரியாத குருவிடம் தன் பாவத்தைச் சொல்ல வருபவர், அதை முதலில் மூன்றாம் ஆளொருவரிடம் சொல்லவேண்டும். அந்த மூன்றாம் ஆள் அதே ஊரவராகவும் இருக்கலாம். மரணப் படுக்கையிற் கிடப்பவருக்கு இதைவிட வேதனை வேறென்ன இருக்கமுடியும்?

ஆகவே அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்றே தீருவதென்று உறுதிகொண்டார். ஏறக்குறைய ஐந்து மாதங்கள் வேறு கவலையின்றி அதிலேயே முனைந்தார். தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்து, தமிழ்ப் பெயர்ச்சொற்கள் எப்படி வேற்றுமை ஏற்கின்றன, வினைச்சொற்கள் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப எப்படி ஈறு மாறுகின்றன என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உச்சரிப்பே அவருக்குப் பெருந்தொல்லை கொடுத்தது. ஐரோப்பிய நாவுக்குப் பழக்கமில்லாத ஒலிகள் தமிழிலே பலவல்லவா? ஆயினும் விரைவில் துபாசியின்றிப் பேசவும் பிரசங்கிக்கவும் வல்லவரானார். சனங்கள் வியந்தார்கள்.

தாம் கற்றதை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் வரும் குருக்களுக்கு உதவியாகத் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதி இன்று நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களில் இதுவே மிகப் பழையது. ஏட்டுத் தமிழை மட்டுமன்றி, அக்கரையோர மக்களின் வாய்ப்பேச்சையும் அதிலே காணலாம். இதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உண்டு. அது 1982-இல் ஜெர்மனியில் பதிப்பிக்கப்பட்டது. 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் அமெரிக்காவில் வெளிவந்தது.

1549-இல் அன்தோனியோ கிறிமினாலி அடிகள் வேதாளையிற் கொல்லப்பட்டபின், அக்கரையோரக் குருக்களின் தலைமைப் பொறுப்பு இவர்மீது வந்தது. கால்நூற்றாண்டுக்கு மேலாக அதைச் சுமந்தார். தம்முடன் இருந்த குருக்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும் என்று ஒழுங்கு செய்தார். மறந்து போர்த்துக்கேயத்திற் பேசிவிட்டால் அதற்கு ஒறுத்தலும் உண்டு! மொழியைக் கற்பதற்கு அதைப் பேசுவதைவிடச் சிறந்த வழியில்லை என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

நம் நாட்டுக்கும் இவருக்கும் நேரடித் தொடர்புண்டு. 1560-இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டையமைத்தபோது, புன்னைக்காயல் மக்கள் பலர் அங்கே குடியேற்றப்பட்டார்கள். அண்டிரிக் அடிகளாரும் அவர்களோடு மன்னாருக்கு வந்து சில ஆண்டுகள் பணியாற்றினார்.

இனி நூல்களின் கதைக்கு வருவோம். 1554-இல் லிஸ்பனில் ஒரு சிறு செபப் புத்தகம் அச்சாயிற்று. அங்கே இருந்த தமிழர் மூவர் அதைத் தமிழாக்கினார்கள். மொழி தமிழ், எழுத்தோ றோமன் எழுத்து. அந்த எழுத்தை அறிந்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவருக்கு அந்த எழுத்து விளங்காது. இப்புத்தகம் நம் கடற்கரைச் சிறுவனுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தை வார்க்கும் முயற்சி 1577-இல் கோவாவிலும், 1578-இல் கொல்லத்திலும் நடந்தது. முத்துக்குளித்துறை மக்கள் தங்கள் உழைப்பிலிருந்து பொருளுதவி செய்தார்கள். 1578-ஆம் ஆண்டு ஒக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். மனுவேல் தே சான் பேதுரு அடிகளின் துணையோடு அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய ஞானோபதேசம் இது. இந்திய மொழியொன்றில் அதன் சொந்த எழுத்திலேயே அச்சாகி இன்றும் நிலைத்திருக்கும் நூல்களில் இதுவே முதன்மையானது. ஓலையில் எழுதும் வழக்கத்தைப் பின்பற்றி, மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளியில்லாமலே அச்சிட்டார்கள். கோவா எழுத்து, கொல்லம் எழுத்து இரண்டின் மாதிரியையும் கடைசிப் பக்கத்திற் காட்டினார்கள்.

மறு ஆண்டில் 120 பக்கமுள்ள கிரீசித்தியானி வணக்கம் கொச்சியில் அச்சாயிற்று. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் நூல் வெளிவந்தது. 1586-இல் அர்ச்சியசிஷ்டவர்களின் வரலாறு 669 பக்கங்களில் அச்சேறியது. இந்நூல்களின் ஒருசில பிரதிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நூலகங்களில் தங்கிவிட, நம்மவர்கள் அவற்றை மறந்தே போனார்கள். கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1950-களில் ஐரோப்பிய நூலகங்களைத் தேடிச் சென்று, இப்பழைய நூல்களைப் பற்றித் தமிழுலகம் அறிய எழுதினார். தம்மை மாணவனாக ஏற்ற மொழிக்கு அண்டிரிக் அடிகளார் செய்த கைம்மாறு இவ்வாறு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மக்களிடையே உழைத்த அடிகளார் 1600-ஆம் ஆண்டில் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்லவேயில்லை.

வாசகரே, இந்த வாழ்க்கை நமக்கு உணர்த்துவது என்ன? நம் பிள்ளைகள் செபங்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கிறார்கள். சொல் பிழையாமல் வந்தால் நாமும் திருப்தியடைந்துவிடுகிறோம். அந்தச் சொல்லின் பொருளை அவர்களிடம் எப்போதாவது கேட்டதுண்டா? நம் அயலவர் பேசும் சிங்களத்தையோ தமிழையோ கற்க நாம் ஐந்து மாதம் ஒதுக்கியதுண்டா? அயல்நாட்டிலிருந்து நோய்ப்பட்ட உடலோடு வந்த ஒருவர், ஒரு சொல் பிழையாயிருந்ததைப் பொறுக்கமாட்டாமல் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், பிள்ளைகளை அருகில் இருத்தி, ஒரேயொரு சொல்லுக்காவது பொருள் சொல்லிக்கொடுங்கள்.