நூறு ரூபாய் நஷ்டஈடு

கல்வராயன் மலை, சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் பொதுவானது. 1976 வரை ஜாகீர்தார்கள் வசமிருந்த இம்மலை ஜனங்களுக்கு 1996-க்குப் பின்னரே வோட்டுரிமை கிட்டியதென்று 2024-இல் சென்னை ஹைகோர்ட்டில் எடுத்துரைக்கப்பட்டது. அதைப் படித்தபோது சேலம் ஸ்ரீ விஜயராகவாச்சாரியார் நம் நினைவுக்கு வந்தார்.

1852-இல் பொன்விளைந்த களத்தூரில் பிறந்த ஆச்சாரியார் 1882-இல் சேலம் நகரசபை அங்கத்தினரானார். அவ்வருஷமே மூண்ட கலகத்தை அவர் தலையிற் சுமத்திப் பத்து வருஷம் சிக்ஷை விதித்தனர். ஹைகோர்ட்டு அவரை விடுதலை செய்தது. வேறொருவராயின், தப்பினோமென்று வீட்டில் அமர்ந்திருப்பார். அவரோ, தம்மை விளக்கங் கேளாமலே நகரசபையினின்று நீக்கிய ராஜாங்கத்தின்மீது, இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்காடினார். ஸ்தானம் திரும்பிற்று, நஷ்டஈடும் ரூபாய் 100 கிடைத்தது. தொகை அற்பந்தான், கொடுத்தது சர்க்காரென்பதே விசேஷம்! 1884-ம் வருஷத்து அவ்வழக்கை வக்கீல்கள் அறிவர்.

1895-இல் சென்னைச் சட்டசபை, 1913-இல் இம்பீரியல் சட்டசபை, 1920-இல் நாகபுரி காங்கிரஸின் அக்கிராசனம். 1944-இல் காலமானார்.

கள்ளக்குறிச்சி நேயர்களே! வோட்டர் ஜாபிதா வெளியாகும்போது, மலைவாசிகளின் பெயர்கள் விடுபடாதிருக்கின்றனவா என்று மேலேறிச் சென்று பாருங்கள். விடுபட்டிருந்தால், ஏனென்று உங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.